உறைமோர்

ஒட்டாமல் இருப்பதும் ஒரு கலை என்று விருது மேடையில் ஒருவர் பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள். சுபிக்ஷாவும் சிரித்தாள். பேச்சு அவளைப் பற்றியதல்ல, அவள் வடிவமைத்த மூலக்கூறைப் பற்றியது.

சின்னச் சின்ன மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நீண்ட இழையாவது புதிய சங்கதி அல்ல. பிடி லேசானது. பசை போட்டு ஒட்டியது மாதிரி இராது, கை கோத்து நிற்பது மாதிரி இருக்கும். விடச் சொன்னால் விடும், பிடிக்கச் சொன்னால் மறுபடி பிடிக்கும். அதனால் அந்த நூலில் நெய்த சட்டை கிழிந்தால் கரைத்துப் புதுச் சட்டை பண்ணலாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தொட்டியில் அந்த இழைகள் சும்மா இருந்தால்தானே? பக்கத்து இழையைக் கட்டிக்கொண்டு, அது அதற்குப் பக்கத்து இழையைக் கட்டிக்கொண்டு, விடிவதற்குள் மொத்தமும் கட்டியாகி அடியில் உட்கார்ந்துவிடும். குழாய் அடைக்கும், நூல் பிழியும் ஊசித்துளை அடைக்கும். இதில் பல நாட்டு ஆய்வகங்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த காலத்தில், சுபிக்ஷா மூலக்கூறின் பக்கவாட்டில் ஒரு குஞ்சம் வைத்தாள்.

அவ்வளவுதான். ஒரு குஞ்சம் இன்னொரு குஞ்சத்தை அண்ட விடாது. இழைகள் தண்ணீரில் தனித்தனியாக மிதந்துகொண்டே இருக்கும். மாதக்கணக்கில் வைத்தாலும் கட்டியாகாது, கலங்காது. கடைசித் தொட்டியில் ஒரு நொதி குஞ்சங்களைக் கத்தரித்ததும் இழைகள் சேர்ந்து நூலாகிவிடும். நெருப்பு வேண்டாம், நெடியடிக்கும் கரைப்பான் வேண்டாம். பெருந்துறைக்குக் கிழக்கே 'நீலவேணி இழைகள்' என்று ஆலை எழும்பியது. பக்கத்திலேயே தொழிலாளர் காலனி. ஆலையில் மிஞ்சிய தண்ணீரைப் படிகாரம் போட்டுத் தெளிய வைத்து, நிலத்துக்குள் ஊறி இறங்கும்படி வெட்டிய ஊறுகுளத்தில் விட்டார்கள். குளத்துக்குப் பக்கத்தில்தான் காலனிக்கு ஆழ்துளைக் கிணறு.

தெளிய வைக்கும் தொட்டியைப் பார்த்துக்கொண்டவர் சென்னியப்பன், சுபிக்ஷாவின் அடுத்த வீட்டுக்காரர். "நானும் எத்தனையோ சாயப்பட்டறையில வேல பாத்திருக்கறனுங். இந்த மாதிரி ஒரு ஆலையப் பாத்ததில்ல. தொட்டிக்கடியில ஒண்ணுமே சேர்றதில்லீங், அத்தனை சுத்தம்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். அடியில் சேரவில்லை என்றால் எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. படித்தவர்கள் கேட்டிருக்க வேண்டும். சேராமல் இருக்கவென்றே அதைச் செய்தவள் அடுத்த வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தாள்.

சென்னியப்பனின் மனைவி கலாமணி. அவள் சுபிக்ஷாவின் வீட்டுக்கு வந்ததெல்லாம் பெரும்பாலும் உறைமோருக்காகத்தான்.

"டாக்டரம்மா, ஒறமோரு துளியூண்டு குடுங். எங்கூட்டுல தயிரே ஆக மாட்டீங்குது."

"நேத்துதானே அக்கா வாங்கிட்டுப் போனீங்க?"

"ஆமாங். உங்க மோரத்தான் ஊத்துனேன். காத்தால பாத்தா பாலு பாலாவே இருக்குது. எங்கூட்டுல மட்டுமில்லீங், இந்த லைன்ல ஒருத்தி ஊட்டுலயும் ஒறையறதில்ல. உங்க ஊட்டுலதான் கத்தி வெச்சு வெட்டறாப்புல ஒறையுது. கைராசிங் உங்களுக்கு."

கைராசிக்காரி என்ற பெயர் காலனி முழுக்கப் பரவியது. சாயங்காலமானால் கிண்ணங்கள் வரிசை கட்டின. யார் கண் பட்டது, யார் தீட்டோடு தொட்டது என்று சில வீடுகளில் சண்டை கூட வந்தது. சுபிக்ஷாவுக்கு இந்தப் புகழ் பிடித்திருந்தது. விருதை விட இது ருசியாக இருந்தது என்று கூடச் சொல்லலாம்.

அப்போதுதான் கலாமணியின் மகள் தர்ஷினி வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு வந்தாள். கட்டிக் கொடுத்தது கரூர்ப் பக்கம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது அங்கே சட்டத்துக்கும் மேல். கை நிறைய வளையலோடு, காம்பவுண்டுச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, "அக்கா, இந்தத் தண்ணி எத்தனை ருசிங்! எங்க மாமியா ஊட்டுல ஒரே உப்பு. இங்க வந்துதான் வயிறு நெறையத் தண்ணி குடிக்கறேன்" என்பாள். சுபிக்ஷாவுக்கு அவளைப் பார்த்தாலே சந்தோஷமாக இருக்கும். ஊரிலிருக்கும் தங்கையின் ஞாபகம் வரும்.

ஒருநாள் காலையில் கலாமணி பாத்திரத்தோடு வந்து நின்றாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

"கோவிச்சுக்காதீங். நல்ல மோராப் பாத்துக் குடுக்கறீங்களா, இல்ல பழசக் கிழசக் குடுக்கறீங்களா? புள்ளத்தாச்சி தயிருஞ்சோறு கேக்கறா. இதப் பாருங்."

சுபிக்ஷா பாத்திரத்தைச் சாய்த்துப் பார்த்தாள். பால் தண்ணீராக ஓடியது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். நல்ல புளிப்பு. புளித்திருக்கிறதென்றால் மோர் தன் வேலையைச் செய்துவிட்டது. பாலில் உள்ள புரதம் ஒன்றோடொன்று சேர்ந்து வலையாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. புளித்த பால் கட்டியாகாமல், கலங்காமல், தனித்தனியாக மிதந்துகொண்டிருந்தது. இந்த மாதிரி ஒரு திரவத்தை அவள் ஆய்வகத்தில் ஆயிரம் தடவை சாய்த்துப் பார்த்திருக்கிறாள்.

"அக்கா, பால் எப்படிக் காய்ச்சுவீங்க?"

"இதென்ன கேள்விங்? அடி புடிக்காம இருக்கப் போசியில ஒரு டம்ளர் தண்ணிய ஊத்திட்டு, அப்பறம் பால ஊத்துவேன். எல்லாரும் அப்படித்தான?"

எல்லோரும் அப்படித்தான். சுபிக்ஷா மட்டும் மின்சாரக் குக்கரில் பாக்கெட்டை வெட்டி அப்படியே ஊற்றுவாள். ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்க மாட்டாள். அவளுடைய கைராசி அதுதான்.

ஆய்வகத்துக்குப் போய்க் காலனித் தண்ணீரைப் பார்த்தாள். இருந்தது. அவள் வைத்த குஞ்சம், அவள் வைத்த இடத்திலேயே இருந்தது. எந்த இழையைக் கண்டாலும் அதன்மேல் போய்ப் படுத்துக்கொண்டு குஞ்சத்தை வெளியே விரித்துக்கொள்வது அந்த மூலக்கூறின் குணம். அப்புறம் அந்த இழையை வேறு எதுவும் நெருங்காது. பாலின் இழைகளுக்கு நேர்ந்தது அதுதான்.

அதோடு நின்றிருந்தால் தயிரோடு போயிருக்கும். ஆனால் இரத்தம் உறைவதும் இழைகள் சேர்ந்துதான். குண்டூசியை எடுத்து விரலில் குத்திக் கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவளும் அதே தண்ணீரைத்தானே குடிக்கிறாள்? தகட்டைச் சாய்த்தாள். சொட்டு வழுக்கி ஓடியது. காத்திருந்தாள். இன்னும் ஓடியது. விரலைச் சுற்றி வைத்த பஞ்சு முழுக்கச் சிவந்துவிட்டிருந்தது. தர்ஷினி சுவரில் சாய்ந்து நின்று தண்ணீர் குடிப்பது அவள் கண்முன் வந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

ஆலையின் பொது மேலாளர் ஞானவடிவேல் கத்துகிற ஆள் அல்ல. வந்தவரை உட்கார வைத்து, டீ வரவழைத்து, முழுதும் கேட்டுவிட்டுத்தான் பேசுவார். அன்றும் அப்படித்தான்.

"டெஸ்ட்ல எதுவும் வரலையேம்மா?"

"டெஸ்ட்ல உப்பு பாக்குறாங்க, சாயம் பாக்குறாங்க, கலங்கல் பாக்குறாங்க சார். இது தெளிவாத்தான் இருக்கும். படிகாரம் போட்டாலும் அடியில உக்காராது. உக்காரக் கூடாதுன்னுதானே நான் டிசைன் பண்ணினேன்!"

"வீட்டுக்கு வீடு ஃபில்டர் குடுத்திருக்கோம்."

"வரிசையா கை கோத்துப் போற ஆளுங்க சின்னக் கதவு வந்தா என்ன பண்ணுவாங்க? கைய விட்டுட்டு ஒவ்வொருத்தரா நுழைஞ்சு, அந்தப் பக்கம் போய் மறுபடி கோத்துக்குவாங்க. ஃபில்டர்லயும் அப்படித்தான் சார், குடல்லயும் அப்படித்தான். கொதிக்க வெச்சா விடும், ஆறினா சேர்ந்துக்கும்."

"குடிக்கிறவங்களுக்கு என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. நல்லா இருப்பாங்க. அடிபட்டா, ஆபரேஷன்னா, பிரசவம்னா இரத்தம் நிக்காது. இந்தத் தண்ணிய விட்டுட்டா ரெண்டு மூணு வாரத்துல உடம்பு அத வெளியேத்திடும்னு நினைக்கிறேன். அதுக்குத் தண்ணிய உடனே நிறுத்தணும். பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு அடுத்த மாசம் பிரசவம் சார்."

ஞானவடிவேல் டீயை ஒரு மிடறு குடித்தார். "அதுவரைக்கும் வெளியில எதுவுமே தெரியாதா? ஜனங்களுக்கு எந்த அடையாளமும் இல்லையா?"

"ஒண்ணே ஒண்ணு. வீட்டுல தயிர் உறையாது."

"அது ஒண்ணுதானா?"

"அது ஒண்ணுதான் சார்."

அவர் தலையை ஆட்டினார். இந்த வாரத்துக்குள் ஏற்பாடு செய்துவிடுவதாகச் சொன்னார். போர்வெல்லை மூடி, லாரியில் தண்ணீர் வரவழைத்துவிடலாம், அதுவரை யாரிடமும் பேச வேண்டாம், பீதி கிளம்பினால் ஆலையை மூடும்படி ஆகும், ஆயிரம் குடும்பம் தெருவில் நிற்கும் என்றார். எழுந்து வாசல்வரை வந்து, "உங்க பேருல இருக்கற மூலக்கூறும்மா. உங்களுக்கு இல்லாத அக்கறையா எனக்கு?" என்றும் சொன்னார்.

சுபிக்ஷா வாயை மூடிக்கொண்டாள். ஆயிரம் குடும்பமா, தன் பெயரா, எது அவள் வாயைக் கட்டிப்போட்டது என்று கேட்டால் இரண்டும்தான். இதைச் சொல்கிற எனக்கு ஞானவடிவேல்மீது இருக்கிற கோபம் வேறு ரகம். அவரிடம் எதிர்பார்த்ததைத்தான் அவர் செய்தார். இவள்மீது இருக்கிற கோபம் ஆறவே மாட்டேன் என்கிறது.

ஒரேயடியாகச் சும்மா இருந்தாள் என்றும் சொல்ல முடியாது. அன்று சாயங்காலமே கலாமணியின் வீட்டுக்குப் போய், சுற்றி வளைத்துப் பேசினாள்.

"அக்கா, தர்ஷினிய கரூருக்கே அனுப்பிடுங்களேன். பிரசவம் அங்கேயே நடக்கட்டும். பெரிய ஆஸ்பத்திரியெல்லாம் இருக்கு."

கலாமணி அரிந்துகொண்டிருந்த வெண்டைக்காயை அப்படியே வைத்துவிட்டாள்.

"என்னங் பேச்சு இது? வளகாப்புப் பண்ணிக் கூட்டியாந்த புள்ளையத் திருப்பித் தொரத்தறதா? பெத்தவளுக்கு வக்கில்லாமப் போச்சான்னு சம்பந்தி ஊட்டுல கேக்க மாட்டாங்களா? எதுக்குங் அனுப்போணும்? ஒரு காரணத்தச் சொல்லுங்."

காரணம் நாக்கு நுனிவரை வந்தது. "இல்ல... சும்மாதான் சொன்னேன்" என்றாள்.

"சும்மாச் சொல்ற வார்த்தையா இது? உங்க கைராசிய நம்பி நாந்தான் வந்து வந்து நிக்கறேன். எம்புள்ள இங்க இருக்கறது உங்களுக்கு எடைஞ்சலா இருக்குதுங்களா?"

தர்ஷினி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். அவள் முகம் வாடிவிட்டது. அதற்குப் பிறகு சுவரோரம் அவள் வரவில்லை.

திங்கட்கிழமை காலையில் வண்டி வந்தது. ஓட்டுநர் இல்லாத, குளிரூட்டிய, நீலநிற வண்டி. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று பெண் குரலில் பேசியது. "காலை வணக்கம். நீலவேணி குடும்பத்தின் அன்பளிப்பு. இனி தினமும் உங்கள் வீட்டுக்குக் கட்டித் தயிர்." பக்கவாட்டில் கதவு திறந்து ஒரு பெரிய பாக்கெட் வெளியே நீண்டது. தயிர் வெளி மாநிலத்திலிருந்து வந்தது. கத்தி வைத்து வெட்டுகிற மாதிரிதான் இருந்தது. தண்ணீர் லாரி எதுவும் வரவில்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இவர்கள் தயிர்ச்சோற்றில் மறைத்தார்கள்.

கலாமணி தயிர்ப் பாக்கெட்டைக் கையில் ஏந்தியபடி சுவர்ப் பக்கம் வந்தாள். பழைய கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது. "இனிமே ஒறமோருன்னு வந்து உங்கள ரோதனை பண்ண மாட்டனுங். கம்பெனிக்காரன் மவராசனா இருக்கோணும்."

சுபிக்ஷா ஞானவடிவேலின் அறைக்கு ஓடினாள். "தண்ணி எங்க சார்?" என்று கத்தினாள்.

"போர்வெல்லை மூடினா ஏன்னு கேப்பாங்கம்மா. படிப்படியாப் பண்ணுவோம். மேலிடத்துல பேசிட்டிருக்கேன்."

"தயிர் எதுக்கு சார் குடுக்கறீங்க?"

"நீங்கதானே சொன்னீங்க" என்றார் அவர். குரலில் கேலி துளியும் இல்லை, நன்றிதான் இருந்தது.

அன்றே அவள் கலாமணியிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை முன்பே சொல்லியிருந்தால் வீட்டுக்கு வீடு உறையாத பாலே சாட்சியாக இருந்திருக்கும். இப்போது வீட்டுக்கு வீடு தயிர் கட்டியாக இருக்கிறது, யார் நம்புவார்கள் என்று யோசித்தாள். வெள்ளிக்கிழமை சென்னைக்குப் போய் அதிகாரிகளைப் பார்ப்பதென்று முடிவு செய்தாள். படித்தவர்களுக்கு எதையும் உரிய இடத்தில் சொல்ல வேண்டும். பக்கத்து வீடு உரிய இடம் என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

வியாழக்கிழமை மத்தியானம், நாள் இன்னும் இருக்கும்போதே தர்ஷினிக்கு வலி எடுத்துவிட்டது. ஈரோட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். செய்தி கேட்டு சுபிக்ஷா போய்ச் சேர்வதற்குள் பெண் குழந்தை பிறந்திருந்தது. கலாமணி குழந்தையைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு, சிரிக்கவும் தெரியாமல் அழவும் தெரியாமல் நின்றாள். உள்ளே இரத்தம் நிற்கவில்லை. மருத்துவர்கள் எல்லா மருந்தையும் கொடுத்துப் பார்த்துவிட்டார்கள். இருந்த இரத்தமெல்லாம் ஏற்றியாயிற்று, இன்னும் வேண்டும், ஆட்களைக் கூட்டி வாருங்கள் என்று நர்ஸ் வந்து சொன்னாள்.

காலனியே கிளம்பி வந்தது. ஆலை பஸ்ஸில் ஏறி, ஷிப்டை விட்டுவிட்டு வந்தார்கள். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நடைபாதையில் வரிசையாக நின்றார்கள். சாதி சமயம் பார்க்காமல் ஒருத்தருக்கு ஒருத்தர் ஓடி வருகிற காட்சியைச் சுபிக்ஷா அன்றுதான் பார்த்தாள். முன்னால் போய்க் கையை விரித்து மறித்தாள்.

"யாரும் குடுக்காதீங்க. உங்க இரத்தம் வேண்டாம்."

சென்னியப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏனுங்? எங்க ரத்தத்துல என்னங் கொற கண்டீங்க? புள்ளையத் தொரத்தப் பாத்தீங்க. இப்ப ரத்தமும் ஆகாதுங்கறீங்களா?"

அப்போதுதான் சொன்னாள். குஞ்சம், இழை எல்லாவற்றையும் விட்டுவிட்டு, நாம் குடிக்கிற தண்ணீர் இரத்தத்தை உறைய விடாது, அதைச் செய்தது என் கைதான், பாலில் அந்தத் தண்ணீரை ஊற்றாததால்தான் என் வீட்டில் மட்டும் தயிர் உறைந்தது, நம் யார் இரத்தமும் அவளுக்கு உதவாது என்று சொன்னாள். டாக்டரிடமும் ஓடிப்போய்ச் சொன்னாள். அவர் நம்பினாரோ என்னவோ, உடனே கோயம்புத்தூருக்குப் போன் போட்டு வெளியூர் இரத்தம் கேட்டார்.

நடைபாதையில் யாரும் அவளை அடிக்கவில்லை. சுருட்டிய கைகளை ஒவ்வொருவராக இறக்கிவிட்டுக்கொண்டார்கள். கலாமணி குழந்தையை அணைத்தபடி அவளைப் பார்த்தாள்.

"இத அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா நானே பஸ் ஏத்தி உட்டிருப்பனே, அம்மிணி. சம்பந்தி என்ன சொன்னாத்தான் என்ன? எம்புள்ளையக் காட்டிலும் சம்பந்தி பெருசுங்களா எனக்கு?"

கோயம்புத்தூர் இரத்தம் பொழுது சாய்வதற்குள் வந்துவிட்டது. தர்ஷினி அதற்கு முன்பே போய்விட்டாள்.

பிரசவத்தில் இப்படி நடப்பது துரதிர்ஷ்டவசமானது, ஆலைக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று நிர்வாகம் இரங்கல் தெரிவித்தது. சுபிக்ஷாவின் அட்டைக்கு ஆய்வகக் கதவு திறக்கவில்லை. அவள் எடுத்து வைத்திருந்த தண்ணீர், இரத்தம் எல்லாம் உள்ளே இருந்தன. அதிகாரிகள் ஆதாரம் கேட்டார்கள். அவளிடம் வாய்தான் இருந்தது, அதுவும் காலம் கடந்து திறந்த வாய். நீல வண்டி மட்டும் ஒரு வீட்டையும் விடாமல் வந்துகொண்டிருந்தது. துக்க வீட்டு வாசலிலும் நின்று காலை வணக்கம் சொன்னது.

காரியம் முடிந்த மறுநாள் காலையில் கதவைத் தட்டும் சத்தம். கலாமணி நின்றுகொண்டிருந்தாள். தோளில் பேத்தி, கையில் கிண்ணம். பின்னால் காலனிப் பெண்கள் ஒவ்வொருவரும் ஆளுக்கொரு கிண்ணத்தோடு. சுபிக்ஷாவின் முகத்தை அவள் பார்க்கவில்லை.

"ஒறமோரு குடுங்."

"அக்கா..."

"பேசறதுக்கு வரலீங் நானு. லேப் இல்லீன்னாப் போகுது, எங்க அடுப்பங்கரை இருக்குது. ஒவ்வொரு ஊட்டுலயும் இந்தத் தண்ணியக் கலந்து பால் காச்சி, உங்க மோர ஊத்தி வெக்கறோம். நாளைக்குக் காத்தால அத்தனை போசியையும் தூக்கிட்டுக் கலெக்டர் ஆபீசுக்குப் போறோம். அவிங்க சாய்ச்சுப் பாக்கட்டும். ஒறையறது உங்க ஊட்டுது ஒண்ணுதான். அதையும் எடுத்துட்டு வாங். தண்ணி சேக்காதது இப்படி, சேத்தது இப்படின்னு பக்கத்துல வெச்சுக் காட்டோணும்."

மன்னிப்பு இல்லை, ஆனால் ஒரு வேலை இருக்கிறது. அது போதும் என்று சுபிக்ஷாவுக்குத் தோன்றியது. உள்ளே ஓடி, முந்தின நாள் உறை ஊற்றி வைத்த பாத்திரத்தை எடுத்து வந்தாள். எப்போதும் போலப் பாக்கெட்டை வெட்டி அப்படியே காய்ச்சிய பால். கலாமணியின் கிண்ணத்துக்கு மேலே பாத்திரத்தைச் சாய்த்தாள்.

வெள்ளையாக, தண்ணீராக, சலசலவென்று ஓடியது. புளித்த வாசனை அடித்தது.

கலாமணி முதன்முறையாக நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள்.

"தண்ணி ஊத்துனீங்களா?"

"இல்லக்கா. ஒரு சொட்டு கூட ஊத்தல."

"அப்ப இந்தப் பாலு எங்கிருந்துங் வருது?"

வெட்டிய பாக்கெட் அடுப்பு மேடையில் கிடந்தது. எந்த ஊர் மாடு எந்தக் குளத்துத் தண்ணீரைக் குடித்ததென்று அதில் எப்படித் தெரியும்?

"எல்லா ஊர்லேர்ந்தும் கறந்து, ஒண்ணாக் கலந்து அனுப்புறாங்க அக்கா" என்றாள் சுபிக்ஷா.

குழந்தை சிணுங்கியது. கலாமணி இடுப்பில் செருகியிருந்த பால்புட்டியை எடுத்து அதன் வாயில் வைக்கப் போனவள், கையை அப்படியே நிறுத்தினாள்.